பாட் சரியாக வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

தண்டைத் திருப்பி ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைக்கும் பாகம்தான் பொட்டென்ஷியோமீட்டர். அதற்குள் இருப்பவை இரண்டே. லாடம் போல வளைந்த ஒரு கரித்தடம், அதன்மேல் உரசியபடி நகரும் ஓர் உலோக நாக்கு. தடத்தின் இரு முனைகளும் ஓரக்கால்களாக வெளியே வரும். நாக்கு நடுக்காலாக வரும். கடைகளில் இதற்கு ‘பாட்’ என்று பெயர். பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இது ‘வால்யூம் கண்ட்ரோல்’. திருப்புளியால் திருப்பும் குட்டி வகையை ‘பிரீசெட்’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.

ஓரக்கால்கள் தடத்தோடு சேர்த்து ரிவிட் அடிக்கப்பட்டவை. நாக்கு அப்படியல்ல. ஸ்பிரிங் அழுத்தத்தில் தடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இதன் மிகப் பலவீனமான இடம் அந்தத் தொடுபுள்ளி. ‘நடுக்கால் ஒரு கணம் விட்டுப்போனால் இந்த சர்க்யூட் என்ன செய்யும்?’ என்று கேட்டுக்கொண்டே வயரிங் செய்யுங்கள். கீழே வரும் கோளாறுகளில் மோசமானவை வராமலே போகும்.

முதலில் கழற்றி அளந்து பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த இரண்டு நிமிட சோதனையைத் தவிர்க்க வேண்டாம். போர்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மீட்டரின் கரன்ட் ஓடி, எண் குறைவாகக் காட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறைந்தது இரண்டு கால்களையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

தண்டு உங்களைப் பார்த்தும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக 1, 2, 3. வலஞ்சுழியாகத் திருப்பினால் நாக்கு 1-ஐ விட்டு 3-ஐ நோக்கிப் போகும்.

1. மல்டிமீட்டரை 20கே ரேஞ்சில் (கே என்றால் ஆயிரம் ஓம்) வைத்து 1-க்கும் 3-க்கும் இடையே அளக்கவும். 10கே என்று எழுதியிருந்தால் 8கே முதல் 12கே வரை எது வந்தாலும் சரியே. சாதாரணக் கரித்தட வகைகளுக்கு 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது இயல்பு. தண்டைத் திருப்பும்போது இந்த எண் மாறக் கூடாது. மாறினால் நீங்கள் தொட்டிருப்பது நடுக்கால்.

2. 1-க்கும் 2-க்கும் இடையே வைத்து, இடது ஓரத்திலிருந்து மெதுவாகத் திருப்பவும். கிட்டத்தட்ட பூஜ்யத்தில் தொடங்கி, தடையின்றி ஏற வேண்டும். நடுவில் எங்காவது மீட்டர் திறந்த சர்க்யூட் என்று காட்டினால் அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்குப் படிந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் புதுப்பிக்கும் என்பதால் வேகமாகத் திருப்பினால் சின்ன வெட்டு கண்ணில் படாது. இந்த ஒரு வேலைக்குப் பழைய முள் மீட்டர் மிகவும் உயர்ந்தது. முள் துள்ளினால் அந்த இடத்தைக் கையோடு பிடித்துவிடலாம்.

3. தண்டை எங்கே நிறுத்தினாலும் 1–2 அளவும் 2–3 அளவும் கூட்டினால் 1–3 அளவு வர வேண்டும். கூடுதலாக வந்தால், தொடுபுள்ளியே தன் பங்குக்கு ரெசிஸ்டன்ஸ் சேர்க்கிறது.

4. எந்தக் காலுக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

5. தண்டைச் சரியாகப் பாதியில் நிறுத்தி 1–2 அளக்கவும். மொத்தத்தில் பாதி வந்தால் லீனியர், அதாவது திருப்பும் அளவுக்கேற்பச் சீராக மாறுவது. பத்து, பதினைந்து சதவீதம் வந்தால் லாக், அதாவது முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. எண்பதுக்கு மேல் போனால் தலைகீழ் லாக்.

கடைசிச் சோதனை ஏன் என்றால், உடலில் உள்ள எழுத்தை முழுதாக நம்ப முடியாது. இன்று கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் ‘பி10கே’ என்றால் லீனியர், ‘ஏ10கே’ என்றால் லாக், ‘சி’ என்றால் தலைகீழ் லாக். பழைய ஐரோப்பியப் பாகங்களில் ‘ஏ’ என்பதே லீனியரைக் குறிக்கும். பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து எடுத்ததென்றால் அளந்துவிட்டே பயன்படுத்துங்கள்.

பிரீசெட்டில் மூன்று இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மதிப்பு, மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்பது. 102 என்றால் 1கே, 103 என்றால் 10கே, 503 என்றால் 50கே, 104 என்றால் 100கே. செராமிக் கெபாசிட்டரிலும் இதே 104 இருக்கும். அங்கே அது பிக்கோஃபாரட் கணக்கு, அதாவது 0.1 மைக்ரோஃபாரட்.

தண்டு ஓரத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது, ‘டிக் டிக்’ என்று படிபடியாக உணர்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது ரோட்டரி என்கோடர். கால்களுக்கிடையே அளந்தால் திறந்த நிலை அல்லது பூஜ்யம், இரண்டில் ஒன்றுதான் காட்டும். அதற்கான வயரிங்கும் புரோகிராமும் வேறு.

அறிகுறி: திருப்பும்போது யுஎஸ்பி துண்டிக்கிறது, போர்டு ரீசெட் ஆகிறது, கருகிய வாசனை வருகிறது

5 வோல்ட்டை நடுக்காலில் கொடுத்திருக்கிறீர்கள், கிரவுண்டை ஓரக்காலில் கொடுத்திருக்கிறீர்கள். நாக்கு அந்த ஓரத்தை நெருங்க நெருங்க இடையில் உள்ள ரெசிஸ்டன்ஸ் குறைந்து, ஓரத்தைத் தொடும்போது நேர் ஷார்ட். 5 வோல்ட் ஓர் ஓரக்காலுக்கு, கிரவுண்ட் மறு ஓரக்காலுக்கு, ஆர்டுயினோ போர்டின் அனலாக் பின் (வோல்டேஜை எண்ணாக வாசிக்கும் பின்) ஏ0 நடுக்காலுக்கு. இது மட்டுமே சரி. ஓரக்கால்கள் இரண்டும் இடம் மாறினால் ஆபத்தில்லை, திருப்பும் திசைதான் மாறும்.

இப்படி ஒருமுறை ஷார்ட் ஆனது பிழைத்தாலும் அதை நம்ப வேண்டாம். ஓரத்தில் சில மில்லிமீட்டர் தடம் கருகியிருக்கும். பிறகு அதே இடத்தில் எண் தாவும். சோதனை 2-ஐ மீண்டும் செய்து, ஓரத்தில் வெட்டு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

வயரிங் சரியாக இருந்தும் ஷார்ட் ஆனால் பிரெட்போர்டைப் பாருங்கள். ஒரே வரிசையின் ஐந்து துளைகளும் உள்ளே இணைந்தவை. மூன்று கால்களையும் ஒரே வரிசையில் குத்திவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். மூன்றும் மூன்று வெவ்வேறு வரிசையில் இருக்க வேண்டும்.

அறிகுறி: எண் தானாக அலைகிறது, விரலால் தொட்டால் மாறுகிறது

ஆர்டுயினோவின் அனலாக் பின் எதனோடும் இணையாமல் மிதக்கிறது. தண்டைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் 300, 420, 280 என்று அதன் போக்கில் ஓடும். நடுக்கால் வயர் விட்டிருக்கும், அல்லது புரோகிராமில் ஏ1 என்று எழுதி ஏ0-வில் செருகியிருப்பீர்கள். பேனலில் பொருத்தும் 16 மி.மீ. வகையின் தட்டையான கால்கள் பிரெட்போர்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அரைகுறையாக நின்று ஆட்டம் காணும், அழுத்திக் குத்தினால் துளையின் ஸ்பிரிங் விரிந்து அந்த வரிசையே வீணாகும். மூன்று கால்களிலும் ஒயர் வைத்துச் சால்டர் செய்து, ஒயரின் மறுமுனையைச் செருகுங்கள்.

சால்டர் செய்யும்போது ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு காட்ட வேண்டாம். காலையும் தடத்தையும் பிணைக்கும் ரிவிட் பிளாஸ்டிக் தகட்டில் இருக்கிறது. அது இளகினால் கால் ஆடும், அளவும் ஆடும். மீட்டரை 1–3-இல் வைத்துக் காலை லேசாக அசைத்துப் பாருங்கள். எண் துடித்தால் ரிவிட் விட்டுவிட்டது.

வேறு அடாப்டரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, அதன் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைக்காவிட்டாலும் இதே போல அலையும்.

அறிகுறி: தொடாமல் இருந்தாலும் எண் நடுங்குகிறது

512, 513, 512 என்று ஒன்றிரண்டு எண் ஆடுவது கோளாறே அல்ல. ஆர்டுயினோ ஊனோ போர்டில் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு படி 5 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. பத்து, இருபது என்று ஆடினால்தான் கவனிக்க வேண்டும்.

முதல் சந்தேகம் மதிப்பின் மேல். ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு, அளக்கும் இடத்தின் இம்பீடன்ஸ் (சிப்பின் பின்னிலிருந்து பார்க்கும்போது தெரியும் ரெசிஸ்டன்ஸ்) 10கே அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பொட்டென்ஷியோமீட்டர் பாதியில் நிற்கும்போதுதான் இது மிக அதிகம், மொத்த மதிப்பில் கால் பங்கு. 10கே என்றால் 2.5கே, கவலையில்லை. 100கே என்றால் 25கே, சிப்பின் உள்ளே இருக்கும் சின்ன கெபாசிட்டர் நேரத்துக்குள் நிரம்பாது. இரண்டு மூன்று அனலாக் பின்களை அடுத்தடுத்து வாசிக்கும்போது ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து நகர்வது இதனால்தான். 10கே போடுங்கள். கையில் 100கே மட்டுமே இருந்தால் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றை, சிப்பின் பின்னுக்கு அருகில் வையுங்கள். நீளமான ஒயர் போகும் இடத்தில் 10கேவுக்கும் இதையே செய்யலாம். புரோகிராமில் 16 முறை வாசித்துச் சராசரி எடுப்பதும் உதவும். ஆனால் கெபாசிட்டர் செய்ய வேண்டியதைப் புரோகிராமைக் கொண்டு மூடி மறைக்க வேண்டாம்.

திருப்பும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் எண் பாய்ந்தால் அது தடத்தின் தேய்மானம்.

அறிகுறி: ஓரம் வரை திருப்பியும் முழு எண் வரவில்லை, அல்லது ஓரத்துக்கு முன்பே முட்டி நிற்கிறது

ஊனோவில் 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்திருந்தால் 675-ஐ ஒட்டி நின்றுவிடும். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே கொடுங்கள். சிப் அளப்பதும் அதே 5 வோல்ட்டை வைத்துத்தான், ஆகவே யுஎஸ்பி வோல்டேஜ் 4.8-க்கு இறங்கினாலும் விகிதம் மாறாது. தனி அடாப்டரிலிருந்து கொடுத்தால் இந்த நன்மை போய்விடும்.

வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டில் கதை வேறு. அங்கே 0 முதல் 4095 வரை, ஆனால் இரு ஓரங்களும் நேராக இருக்காது. கீழே சிறிது தூரம் பூஜ்யமாகவே நிற்கும், மேலே 3.3 வோல்ட்டைத் தொடுவதற்கு முன்பே 4095 வந்துவிடும். இது சிப்பின் இயல்பு. பொட்டென்ஷியோமீட்டரை மாற்றிப் பயனில்லை. வைஃபை ஓடும்போது எண்ணே வரவில்லை என்றால் ஏடிசி2 (வோல்டேஜை எண்ணாக மாற்றும் இரண்டு பகுதிகளில் இரண்டாவது) குழுவின் பின்னில் இணைத்திருக்கிறீர்கள். 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின் ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்தப் போர்டுக்கு 5 வோல்ட்டைப் பொட்டென்ஷியோமீட்டர் வழியாகக் கூடக் கொடுக்கக் கூடாது. ஓரத்துக்குத் திருப்பிய கணமே முழு 5 வோல்ட் பின்னில் இறங்கும்.

அறிகுறி: ஒரு சுற்றுக்குள் எல்இடி நான்கு முறை பிரகாசமாகி நான்கு முறை அணைகிறது

வயரிங்கைத் தொடாதீர்கள். வாசிப்பது 0–1023, எல்இடியின் வெளிச்சத்தை அமைக்கும் அனலாக்ரைட் கட்டளை ஏற்பது 0–255. 5, 6 போன்ற பின்களில் 256 என்பது மறுபடி பூஜ்யமாகச் சுருண்டுவிடும். வாசித்த எண்ணை 4-ஆல் வகுத்துக் கொடுங்கள்.

அறிகுறி: எல்இடியின் வெளிச்சம் கடைசித் துளியில் மட்டுமே மாறுகிறது

புரோகிராம் இல்லாமல், பொட்டென்ஷியோமீட்டரை எல்இடியோடு தொடராக வைத்திருக்கிறீர்கள். 5 வோல்ட், 2 வோல்ட் சிவப்பு எல்இடி, 330 ஓம், 10கே என்று கணக்குப் போடுவோம். தடம் முழுதும் குறுக்கே இருக்கும்போது 0.29 மில்லியாம்ப். பாதியில் 0.56. தொண்ணூறு சதவீதம் திருப்பிய பிறகும் 2.3 மில்லியாம்ப்தான். மீதிப் பத்து சதவீதத்தில் அது 9 மில்லியாம்ப்புக்குப் பாயும். 10கேவுக்குப் பதில் 1கே லீனியர் போட்டால் கை அசைவுக்கேற்ப வெளிச்சம் மாறும்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிக்காதது. 0.125 வாட் என்று சொல்லும் பாகம் அதைத் தாங்குவது முழுத் தடமும் பயன்படும்போதுதான். ஓரத்தில் ஒட்டிய பத்தில் ஒரு பங்குக்குத் தாங்கும் திறனும் பத்தில் ஒரு பங்கே. ஆகவே வாட்டை விட கரன்ட்டைக் கணக்கில் எடுங்கள். 0.125 வாட் 10கே தாங்குவது சுமார் 3.5 மில்லியாம்ப். 1கே சுமார் 11. 100 ஓம் சுமார் 35. மேலே சொன்ன 9 மில்லியாம்ப் 10கேவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும், 1கேவுக்கு ஒன்றும் ஆகாது. 330 ஓம் இல்லாமல் எல்இடியை நேராக இணைத்தால் ஓரத்துக்குத் திருப்பிய கணத்தில் இரண்டில் ஒன்று போகும்.

பொம்மை மோட்டாரின் வேகத்தைப் பொட்டென்ஷியோமீட்டர் கொண்டு நேரடியாகக் குறைக்க முயன்று புகை வருவதும் இதே கணக்கு. 200 மில்லியாம்ப் இழுக்கும் மோட்டாரை எந்தக் கரித்தடமும் தாங்காது. நடுக்காலை ஆர்டுயினோவுக்குக் கொடுத்து, மோட்டாரை ஐஆர்எல்இசட்44என் போன்ற மாஸ்ஃபெட் (பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வழியாக ஓட்டுங்கள். மோட்டாரின் குறுக்கே டயோடு ஒன்றும் வேண்டும்.

அறிகுறி: எல்சிடியில் வெளிச்சம் இருக்கிறது, எழுத்து இல்லை

1602 எல்சிடியின் மூன்றாவது பின் கான்ட்ராஸ்ட். 10கே பிரீசெட்டின் ஓரங்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் மூன்றாவது பின்னுக்கு. அந்தப் பின்னில் 1 வோல்ட்டுக்குக் கீழே வரும்வரை கிரவுண்ட் பக்கமாகத் திருப்புங்கள். மேல்வரிசையில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் தெரிந்தால் பிரீசெட் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு டேட்டா ஒயர்களிலோ புரோகிராமிலோ இருக்கிறது.

அறிகுறி: வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது

எல்லோரும் உடனே கிளீனர் அடிப்பார்கள். அதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, பாட்டு ஓடாமல், மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, தண்டைத் திருப்பியபடி பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். பல பத்து மில்லிவோல்ட் வந்து, தண்டைத் திருப்பத் திருப்ப அதுவும் மாறினால், முன்னாலோ பின்னாலோ உள்ள கப்ளிங் கெபாசிட்டர் (ஒலியை விட்டு டிசியைத் தடுப்பது) கசிகிறது, அல்லது போடவே இல்லை. தடத்தில் டிசி ஓடினால் நாக்கு ஒவ்வொரு முறை துள்ளும்போதும் அது சத்தமாகக் கேட்கும். இந்த நிலையில் புத்தம் புதிதாக ஒன்று போட்டாலும் கரகரக்கும்.

டிசி இல்லை என்றால் அழுக்குதான். மின்சாரத்தை நிறுத்தி, கால்களுக்கு மேலே தெரியும் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீய்ச்சு, கரித்தடத்துக்கு என்று மசகு சேர்த்து விற்பது மிக நல்லது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு முப்பது, நாற்பது முறை திருப்பி, அரை மணி நேரம் உலரவிட்டு ஆன் செய்யுங்கள். வீட்டில் கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். பிசுபிசுப்பு தங்கி மறுபடி தூசியைப் பிடிக்கும். வெறும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அழுக்கோடு மசகையும் கழுவிவிடும், பிறகு தேய்மானம் வேகமாகும். சுத்தம் செய்தும் அதே இடத்தில் வெட்டினால் தடம் தேய்ந்துவிட்டது, மாற்றுவது ஒன்றே வழி.

அறிகுறி: கால் பங்குச் சுற்றிலேயே முழுச் சத்தம், அல்லது சத்தம் குறையவே இல்லை

கால் சுற்றிலேயே பெரிதானால் லீனியரைப் போட்டிருக்கிறீர்கள். காது கேட்கும் விதத்துக்கு லாக்தான் பொருந்தும். லாக் கிடைக்காவிட்டால் 100கே லீனியரின் நடுக்காலுக்கும் கிரவுண்ட் ஓரத்துக்கும் இடையே 15கே ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். பாதியில் 50 சதவீதம் வந்த இடத்தில் சுமார் 19 சதவீதம் வரும். முழு வால்யூமில் முந்தைய ஸ்டேஜுக்கு 13கே பாரம் ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மொபைல் போன் போன்றவற்றுக்கு அது பொருட்டல்ல. அதிகம் நேரம் ஒன்றும் மாறாமல் கடைசியில் சட்டென்று சத்தம் சரிந்தால், லாக்கின் ஓரக்கால்கள் இடம் மாறியிருக்கின்றன.

எப்படித் திருப்பினாலும் முழுச் சத்தம் என்றால் கிரவுண்ட் ஓரக்கால் விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் ‘ம்ம்’ என்ற ஹம் மட்டும் வந்தால் நடுக்கால். தண்டைத் தொட்டால் ஹம் குறைகிறது என்றால் உலோக உடலைக் கிரவுண்டோடு ஒரு ஒயரால் இணையுங்கள்.

அறிகுறி: பிரீசெட்டைத் திருப்பித் திருப்பியும் வோல்டேஜ் நகரவில்லை

வோல்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 ஸ்டெப் டவுன் மாட்யூல்களில் இது அன்றாடம். மேலே இருக்கும் நீலப் பெட்டி 25 சுற்று வகை 10கே பிரீசெட். வெளியே போகும் வோல்டேஜைச் சிப்புக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக்கில் கீழ் ரெசிஸ்டர் 330 ஓம் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 1.5 வோல்ட் நகரும், உச்சியில் அது கேட்பது 38 வோல்ட். நீங்கள் கொடுப்பதோ 12. ஆகவே கேட்கும் வோல்டேஜ் 12-க்குக் கீழே இறங்கும்வரை, ஏறக்குறைய 18 சுற்றுக்கு, வெளியே எந்த மாற்றமும் தெரியாது. மாட்யூல் கெட்டுவிட்டது என்று பலர் நிறுத்துவது பத்தாவது சுற்றில். பெரும்பாலான மாட்யூல்களில் இடஞ்சுழியாகத் திருப்பினால் குறையும். ஓரம் வந்துவிட்டால் திருகு உடையாது, லேசான ‘டிக்’ சத்தத்தோடு வழுக்கிச் சுற்றும்.

இங்கேதான் நடுக்கால் கேள்வி மிக முக்கியம். அந்தத் தொடுபுள்ளி விட்டுப்போனால் ஃபீட்பேக் அறுந்து, வெளியே 5 வோல்ட்டுக்குப் பதில் உள்ளே வரும் 12 வோல்ட் முழுதும் போகும். பின்னால் இருக்கும் போர்டு அதோடு முடிந்தது. எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்து நீங்களே செய்யும் சர்க்யூட்டில் இதைத் தடுக்கலாம். 240 ஓம் ரெசிஸ்டரோடு, சரிசெய்யும் காலிலிருந்து கிரவுண்டுக்கு 5கே பிரீசெட்டைத் தனியாக வைக்காமல், 680 ஓம் நிலையான ரெசிஸ்டரையும் 100 ஓம் பிரீசெட்டையும் தொடராக வையுங்கள். பிரீசெட்டின் நடுக்காலைப் பயன்படாத ஓரக்காலோடு இணைத்துவிடுங்கள். வோல்டேஜ் 4.8 முதல் 5.3 வரை மட்டுமே நகரும். நாக்கு தடத்தை விட்டு எழும்பினாலும் 100 ஓம் முழுதாகச் சர்க்யூட்டில் நிற்கும், வெளியே போவது 5.3 வோல்ட்தான்.

மாட்யூலை மாற்றி அமைக்க முடியாதென்றால், லோடை மாட்டாமல் வோல்டேஜை அமைத்து, திருப்புளியின் பிடியால் பிரீசெட்டை மெல்லத் தட்டியபடி மீட்டரைப் பாருங்கள். எண் துள்ளாமல் நின்றால் திருகின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, உலர்ந்ததும் மறுபடி ஒருமுறை அளந்துவிட்டு, லோடை மாட்டுங்கள்.